கொதிக்கும் சாம்பாரில் சாகும் கிருமி, கொத்தமல்லித் தழையில் தப்பிப்பது எப்படி?

சங்கராபுரம் கடைவீதியில் விடியற்காலையில் இறங்கும் காய்கறி மூட்டைகளுக்கு ஒரே ஊர் கிடையாது. கீரைக்கட்டும் கத்தரியும் வெண்டையும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து வரும். கேரட்டும் கோஸும் ஊட்டிப் பக்கம், தக்காளி கிருஷ்ணகிரிப் பக்கம், சின்ன வெங்காயம் பெரம்பலூர்ப் பக்கம். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு இறங்கும். இதெல்லாம் கூடையில் ஏறிய பிறகு, கடைசியாகக் கொசுறு கேட்டு வாங்குவது ஒரு கொத்து கொத்தமல்லி. வீட்டுக்கு வந்ததும் அதைத் தண்ணீரில் ஒருமுறை முக்கி எடுத்து, இறக்கிவைத்த ரசத்தில் கிள்ளிப் போட்டால் சமையல் முடிந்தது.

காசு கொடுத்து வாங்கிய காய்களை விட, அந்தக் கொசுறின் மேல்தான் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும் என்கிறது மருத்துவ உலகம். காரணம், பூச்சிமருந்து இல்லை. கண்ணுக்குத் தெரியாத, ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியாக்கள்.

சென்னைச் சமையலறைகளில் கிடைத்தது என்ன?

சென்னையைச் சேர்ந்த தொற்றுநோய் சிகிச்சை நிபுணர் டாக்டர் அப்துல் கஃபூரும் அவருடைய குழுவினரும் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சோதனை செய்தார்கள். சென்னையின் கடைகளிலிருந்தும் வீடுகளிலிருந்தும் கோழி, ஆட்டிறைச்சி, மீன், காய்கறி, பழம் என நூற்றுக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சேகரித்தார்கள். அவர்கள் தேடியது ஒன்றைத்தான். ‘கோலிஸ்டின்’ என்ற மருந்துக்குச் சாகாத பாக்டீரியா இதில் எதிலாவது இருக்கிறதா? கிட்டத்தட்ட பாதி மாதிரிகளில் இருந்தது. 2019-ல் சர்வதேச மருத்துவ இதழ் ஒன்றில் அந்த முடிவுகள் வெளியாயின.

கோலிஸ்டின் என்ற பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். கேள்விப்படாமல் இருப்பதே நல்லது. 1940-களின் கடைசியில் ஜப்பானில், மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து எடுக்கப்பட்ட பழைய மருந்து இது. சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்பதால் 1970-களில் டாக்டர்கள் இதை ஓரங்கட்டினார்கள். பிறகு வந்த வீரியமான மருந்துகள் ஒவ்வொன்றாகப் பலனிழக்கத் தொடங்கியதும், வேறு வழியில்லாமல் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டினார்கள். இன்று ஐ.சி.யூ-வில் எதற்கும் கட்டுப்படாத தொற்றுக்குக் கடைசியாக எடுக்கும் மருந்துகளில் இதுவும் ஒன்று. அதற்கும் அடங்காத கிருமி நம் சமையல் மேடையில் இருந்திருக்கிறது என்பதுதான் அந்தச் சோதனை சொன்ன சேதி.

இந்த விஷயத்தில் சென்னையின் பெயர் அடிபட்டது அதுதான் முதல்முறை என்றும் சொல்ல முடியாது. 2010 ஆகஸ்டில் ‘லான்செட்’ குழும இதழ் ஒன்றில் வெளிவந்த ஆய்வுதான் ‘என்.டி.எம்-1’ என்ற சொல்லை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. என்.டி.எம் என்றால் நியூ டெல்லி மெட்டலோ பீட்டா-லாக்டமேஸ். கார்பாபெனெம் என்ற வீரியமான மருந்தையே உடைத்துப் போடும் ஒரு நொதி. அந்த ஆய்வின் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கார்த்திகேயன் குமாரசாமி. சென்னை, ஹரியானா, பிரிட்டன், பாகிஸ்தான் எனப் பல இடத்து நோயாளிகளிடம் அந்தக் கிருமி இருந்தது. நம் தலைநகரின் பெயரை எப்படி ஒரு கிருமிக்கு வைக்கலாம் என்று அப்போது பெரிய சர்ச்சை கிளம்பியது. பெயருக்காகப் போட்ட சண்டையில் பாதியைக் கிருமிக்கு எதிராகப் போட்டிருக்கலாம். அடுத்த ஆண்டே, டெல்லியில் எடுத்த 50 குழாய்த் தண்ணீர் மாதிரிகளில் இரண்டிலும், தெருவில் தேங்கி ஓடிய தண்ணீர் மாதிரிகள் 171-ல் 51-லும் அதே என்.டி.எம்-1 மரபணு கிடைத்தது. ஆஸ்பத்திரிக்குள் இருக்கிறது என்று நினைத்தது தெருவுக்கு வந்துவிட்டது. தெருத் தண்ணீரிலிருந்து தோட்டத்துக்குப் போக அதிக தூரம் இல்லை.

இலைக்கு எப்படி வருகிறது?

மூன்று வழிகள். முதலாவது எரு. கோழிப்பண்ணைகள் நிறைந்த நாமக்கல், சேலம் மாவட்டங்கள் கள்ளக்குறிச்சிக்கு அக்கம்பக்கம்தான். பண்ணையில் கோழிக்கு மருந்து கொடுத்தால், அதன் குடலில் அந்த மருந்துக்குச் சாகாத பாக்டீரியாக்கள் மட்டும் மிஞ்சிப் பெருகும். அவை எச்சத்தில் வெளியேறும். எச்சம் எருவாகிறது. எரு வயலுக்குப் போகிறது.

இங்கே ஒரு கணக்கு இடிக்கிறது. மட்காத பச்சை எருவைப் போட்டால், மண்ணைத் தொட்டு வளரும் விளைச்சலை 120 நாள்கள் கழித்துத்தான் அறுவடை செய்ய வேண்டும் என்பது அமெரிக்க அரசின் இயற்கை வேளாண் விதி. அதற்குள் பெரும்பாலான குடல் கிருமிகள் மண்ணில் மடிந்துவிடும் என்று எதிர்பார்க்கிறார்கள். நம் ஊரில் சிறுகீரையும் முளைக்கீரையும் விதைத்த 25-வது நாளில் கட்டாகிவிடும். கரும்புக்கும் மரவள்ளிக்கும் ஒத்துவருகிற எரு, கீரைப் பாத்திக்கு ஒத்துவராது. நன்றாக மட்கிய எருவில் இந்தச் சிக்கல் குறைவு. குவியலின் உட்புறம் 55 டிகிரிக்கு மேல் சூடேறி, சில நாள்கள் அந்தச் சூடு நின்று, புரட்டிப் புரட்டி மட்கவைத்தால் பெரும்பாலான கிருமிகள் வெந்துபோகும். கையை நுழைத்தால் சுடுகிற குப்பைமேடுதான் நல்ல குப்பைமேடு என்று பெரியவர்கள் சொல்வதற்குப் பின்னால் அறிவியல் இருக்கிறது.

‘இயற்கைக் கீரை’ என்று போர்டு வைத்துவிட்டதாலேயே இதிலிருந்து விலக்கு கிடைத்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ரசாயனம் தெளிக்காத கீரை உடம்புக்கு நல்லதுதான். ஆனால், பறிப்பதற்கு நாலு நாள் முன்னால் பச்சைச் சாணக் கரைசலை இலைமேல் தெளித்தால், பூச்சிமருந்துக்குப் பதில் கிருமியைத் தெளித்ததாக ஆகும். வேக வைத்துச் சாப்பிடும் நெல்லுக்கு அது பொருந்தும், பச்சையாகக் கிள்ளிப் போடும் தழைக்குப் பொருந்தாது.

இரண்டாவது வழி தண்ணீர். சாக்கடை கலந்த வாய்க்காலில் பாய்ச்சுவது ஒன்று. நல்ல கிணற்றுத் தண்ணீரில் விளைந்த கீரையைக்கூட, வாடாமல் இருக்க வழியில் தேங்கிய குட்டையில் முக்கி எடுப்பது இன்னொன்று. மூன்றாவது, மனிதக் கை. பறிப்பவர், கட்டுபவர், ஏற்றுபவர், விற்பவர், பொறுக்கி எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போகிறவர் என ஒரு தக்காளியை நம் வீட்டுக்கு வருமுன் எத்தனை கை தொடுகிறது என்று எண்ணிப் பார்க்கவே முடியாது.

வயிற்றுக்குள் போனால்?

பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதுதான் இதில் உள்ள சூட்சுமம். கெட்டுப்போன உணவு என்றால் வாந்தி, பேதி என்று உடனே தெரிந்துவிடும். இந்தப் பாக்டீரியாக்களில் பல, ஈ.கோலை போல நம் குடலில் ஏற்கெனவே இருக்கும் இனங்கள்தான். சத்தமில்லாமல் போய்க் குடியேறிவிடும். குடியேறிய பிறகு, மருந்தை எதிர்க்கும் மரபணுவைப் பக்கத்து பாக்டீரியாவுக்கும் கைமாற்றிவிடும். ‘பிளாஸ்மிட்’ என்ற சின்ன வளையத்தில் அந்த மரபணு உட்கார்ந்திருக்கிறது. வாட்ஸ்அப் ஃபார்வேர்டு மாதிரி அதை ஒன்று இன்னொன்றுக்குத் தள்ளிவிட, பரம்பரை பரம்பரையாகக் காத்திருக்க வேண்டியதில்லை. கோலிஸ்டினை எதிர்க்கும் ‘எம்.சி.ஆர்-1’ என்ற மரபணு இப்படிப் பிளாஸ்மிட் வழியாகவே பரவுகிறது என்று சீன விஞ்ஞானிகள் 2015 நவம்பரில் அறிவித்தபோதுதான் உலகம் திடுக்கிட்டது.

நெதர்லாந்தில் சுமார் 2,000 சுற்றுலாப் பயணிகளைப் பயணத்துக்கு முன்னும் பின்னும் பரிசோதித்தார்கள். புறப்படும்போது குடலில் இந்த வகைக் கிருமி இல்லாமல் தெற்காசியாவுக்கு வந்தவர்களில், நான்கில் மூன்று பேர் அதோடு ஊர் திரும்பினார்கள். பலருக்கு ஓரிரு மாதத்தில் தானாக மறைந்தது. சிலருக்கு ஓர் ஆண்டு கழித்தும் இருந்தது. பயணத்தின்போது ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு இன்னும் அதிகமாக இருந்தது. சில வாரம் வந்துபோகிறவர்களுக்கே இப்படி என்றால், இங்கேயே சாப்பிட்டு இங்கேயே வாழ்கிறவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

மாத்திரை ஏன் அதைக் கூட்டுகிறது? வயல் தெரிந்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். தப்பான மருந்தை அடித்து நாற்றைக் கருக்கிவிட்டால், அந்த இடத்தைக் கோரை பிடித்துக்கொள்ளும். சளிக்கும் சாதாரண ஜுரத்துக்கும் தேவையில்லாமல் போடும் ஆன்டிபயாடிக், குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்களைச் சாய்த்துவிடுகிறது. மருந்துக்கு அடங்காதது மட்டும் கோரையாகப் பரவுகிறது.

பிறகு ஒரு நாள் அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று வரும். அப்பாவுக்கு ஓர் ஆபரேஷன் நடக்கும். சர்க்கரை நோயாளியின் காலில் புண் ஆறாமல் நிற்கும். அப்போதுதான் டாக்டர் கல்ச்சர் டெஸ்ட் எடுக்கச் சொல்லி, ரிப்போர்ட்டில் வரிசையாக ‘ஆர்’, ‘ஆர்’ என்று வந்திருப்பதைக் காட்டுவார். ஆர் என்றால் ரெசிஸ்டன்ட். அந்த மருந்து இந்தக் கிருமிக்கு வேலை செய்யாது. மாத்திரையில் முடிய வேண்டியது, நாளைக்கு இரண்டு மூன்று ஊசியாக, ஒரு வாரம் ஆஸ்பத்திரி வாசமாக, நகையை அடகு வைக்கும் செலவாக மாறுகிறது.

பச்சிளம் குழந்தைகளின் நிலை இன்னும் மோசம். மருந்துக்கு அடங்காத கிருமித்தொற்றால் இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 58,000 பச்சிளம் குழந்தைகள் இறப்பதாக 2013-ல் ‘லான்செட்’ கட்டுரை ஒன்று மதிப்பிட்டது. உலக அளவில் 2019-ல் மட்டும் 12.7 லட்சம் பேரின் மரணத்துக்கு இந்தக் கிருமிகள் நேரடிக் காரணம் என்பது 2022-ல் வந்த மதிப்பீடு. இதில் காய்கறியின் பங்கை மட்டும் தனியாகப் பிரித்துவிட முடியாது. தண்ணீர், ஆஸ்பத்திரி, கழிப்பறை, கை எல்லாமே ஒரே வலைதான்.

காய்கறி மேல் பழி போடலாமா?

கூடாது. அதற்கும் ஒரு கதை இருக்கிறது. 2011 மே மாதம் ஜெர்மனியில் திடீரென்று ரத்தப்பேதியுடன் ஆயிரக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஈ.கோலை வகை ஒன்று பரவியிருந்தது. அதுவும் பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத ரகம். ஸ்பெயின் வெள்ளரிக்காய்தான் காரணம் என்று அவசரப்பட்டு அறிவித்தார்கள். ஸ்பெயின் விவசாயிகளின் வெள்ளரி மலைமலையாகக் குப்பைக்குப் போனது. கடைசியில் வெள்ளரி நிரபராதி. முளைகட்டிய வெந்தயம்தான் குற்றவாளி. எகிப்திலிருந்து வந்த வெந்தய விதையில் வந்திருக்கிறது கிருமி. அதற்குள் சுமார் 4,000 பேர் பாதிக்கப்பட்டு, 50-க்கும் மேற்பட்டோர் இறந்துபோயிருந்தார்கள்.

விதை முளைக்கத் தேவையான ஈரமும் கதகதப்பும்தான் பாக்டீரியாவுக்கும் தேவை. வசதியான சூழலில் ஒரு பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். ராத்திரி பத்து மணிக்கு ஒன்று இருந்தால், காலை ஆறு மணிக்கு ஒன்றரைக் கோடியைத் தாண்டிவிடும். உடம்பைக் குறைக்க முளைகட்டிய பயறு சாப்பிடுகிறவர்கள் அதை விட வேண்டாம். ஐந்து நிமிடம் ஆவியில் வேகவைத்தால் போதும்.

இந்தச் செய்தியைப் படித்துவிட்டு கீரையையும் காயையும் குறைத்துக்கொண்டால், அதைவிடப் பெரிய தப்பு இல்லை. மருந்துக்கு அடங்காத கிருமி, கொதிக்கும் சாம்பாருக்கு அடங்கிவிடும். ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் சக்திக்கும் சூட்டைத் தாங்கும் சக்திக்கும் சம்பந்தமே கிடையாது. உள்வரை 70 டிகிரி சூடு ஏறினால் இவையெல்லாம் சாகும். கூட்டு, பொரியல், குழம்பு, மசியல் என்று எல்லாவற்றையும் வேகவைத்துச் சாப்பிடும் நம் சமையல், இந்த விஷயத்தில் சாலட் நாடுகளைவிடப் பல படி பாதுகாப்பானது.

ஓட்டை எங்கே இருக்கிறது என்றால், வேகாமல் தட்டுக்கு வரும் சில பொருள்களில். அடுப்பை அணைத்த பிறகு தூவும் கொத்தமல்லி. பச்சையாக அரைக்கும் புதினாச் சட்னி. பிரியாணிக்கு வெங்காயப் பச்சடி. வெள்ளரி, கேரட், தக்காளித் துண்டுகள். ரோட்டோரம் நறுக்கி வைத்த பழம். கொத்தமல்லியை அடுப்பு எரியும்போதே போட்டு ஒரு கொதி விட்டு இறக்குவது மிகச் சின்ன மாற்றம். வாசனை லேசாகக் குறையும், அவ்வளவுதான்.

கழுவுவதிலும் ஒரு முறை இருக்கிறது. கட்டை அவிழ்க்காமல் குழாயில் காட்டினால் உள்ளே இருக்கும் மண் அப்படியே இருக்கும். வேரை நறுக்கி, கட்டைப் பிரித்து, அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் ஊற்றி அலச வேண்டும். பிறகு தண்ணீரைச் சாய்க்காமல், தழையை மட்டும் கையால் அள்ளி எடுக்க வேண்டும். சாய்த்தால் அடியில் தங்கிய மண் திரும்பவும் இலையிலேயே படியும். தண்ணீர் தெளியும்வரை இதையே இரண்டு மூன்று முறை. தக்காளி, வெள்ளரி, கேரட்டை ஓடும் நீரில் விரலால் தேய்த்துக் கழுவினால் பெரும்பகுதி கிருமி போய்விடும். கோஸின் மேலிலைகளைத் தூக்கிப்போட்டுவிடலாம். வினிகர் கலந்த தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக உதவும். உப்பும் மஞ்சளும் போட்டு ஊறவைப்பது நம் வழக்கம், அதனால் பூச்சியும் புழுவும் வெளியே வரும். ஆனால், அதோடு கிருமியெல்லாம் செத்துவிட்டது என்று பச்சையாகச் சாப்பிடக் கூடாது. பாத்திரம் தேய்க்கும் சோப்பு அறவே வேண்டாம். அளவு தெரியாமல் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊறவைப்பதும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை சமாசாரம் ஒன்றும் உண்டு. கோழி வெட்டிய அதே அரிவாள்மணையில், மேலாக ஒரு கழுவு கழுவிவிட்டு பச்சடிக்கு வெங்காயம் நறுக்குவது பல வீட்டில் நடக்கிறது. குழம்பில் கோழி கொதித்துச் சுத்தமாகிவிடும், வெங்காயம் அந்தக் கிருமியோடு நேராக இலைக்கு வரும். வெங்காயத்தை முதலில் நறுக்கி எடுத்து வைத்துவிட்டு, கோழியைக் கடைசியில் தொட்டால் பிரச்னையே இல்லை. கோழியைக் குழாயடியில் பீய்ச்சிக் கழுவினால், தெறிக்கும் துளிகள் பக்கத்தில் உள்ள கீரை வரைக்கும் போகும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பண்ணையிலும் கடையிலும்

இவ்வளவையும் வீட்டுப் பெண்கள் தலையில் கட்டிவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ளக் கூடாது. கிருமி சமையலறையில் பிறக்கவில்லை. பண்ணையில் கோழி கொழுக்க வேண்டும் என்பதற்காகவே தீவனத்தில் கலந்து வந்த கோலிஸ்டினை, 2019 ஜூலையில் மத்திய சுகாதார அமைச்சகம் தடை செய்தது. உணவுக்காக வளர்க்கும் கால்நடை, கோழி, மீன் எதற்கும் அதைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது.

தடை போட்டால் பலன் கிடைக்குமா என்பதற்குச் சீனாவில் பதில் இருக்கிறது. அங்கே 2017-ல் தீவனத்தில் கோலிஸ்டின் கலப்பதை நிறுத்தினார்கள். பன்றிகளிடம் எடுத்த ஈ.கோலை மாதிரிகளில் கோலிஸ்டினுக்கு அடங்காதவை 34 சதவீதமாக இருந்தது, ஓரிரு ஆண்டுகளிலேயே 5 சதவீதமாகக் குறைந்தது. கோழிகளிடம் 18 சதவீதமாக இருந்தது, அதுவும் 5 ஆனது. மருந்துத் தொல்லை இல்லாத இடத்தில், எதிர்ப்பு மரபணுவைச் சுமந்து திரிவது பாக்டீரியாவுக்கும் வீண் சுமைதான்.

வயலுக்கு நேராகப் போகும் ஆன்டிபயாடிக்கும் உண்டு. நெல்லில் பாக்டீரியா இலைக்கருகல் வந்தால் ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் கலந்த பொடியை வாங்கித் தெளிப்பது பல ஆண்டுப் பழக்கம். ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய்க்கு மனிதர்களுக்குப் போட்ட மருந்து. பயிருக்கு இந்தக் கலவையைப் பயன்படுத்துவதைத் தடை செய்ய 2021 டிசம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் வரைவு ஆணை வெளியிட்டது. அதே நோய்க்கு 20 சதவீதப் பசுஞ்சாணக் கரைசலைத் தெளிக்கலாம் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமே சொல்கிறது.

எல்லாவற்றையும்விட அதிகம் நடப்பது மருந்துக் கடையில். “அண்ணா, ரெண்டு நாளா ஜுரம், உடம்பு வலி. ஒரு செட் மாத்திரை குடுங்க.” இந்த வசனம் சங்கராபுரத்துக்கு மட்டும் சொந்தமில்லை, தமிழ்நாடு முழுக்கக் கேட்கும். கல்வராயன் மலைக் கிராமத்திலிருந்து டாக்டரைப் பார்க்க ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இறங்கி வர வேண்டியிருப்பவர், கடையிலேயே மாத்திரை கேட்பதில் ஆச்சரியம் இல்லை. அந்தச் செட்டில் பாராசிட்டமாலோடு ஓர் ஆன்டிபயாடிக்கும் இருந்தால், இரண்டு வேளை போட்டு ஜுரம் விட்டதும் மிச்சம் கிடப்பில் போகும். அரைகுறையாக மருந்து போட்டால் கிருமி பழகிக்கொள்ளும் என்று, பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் 1945-ல் நோபல் பரிசு உரையிலேயே எச்சரித்திருந்தார்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2014 மார்ச்சிலிருந்து ‘ஹெச்-1’ பட்டியலில் உள்ள ஆன்டிபயாடிக்குகளை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. யாருக்கு விற்றோம் என்று தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். கேரளம் இதைக் கெடுபிடியாக அமல்படுத்த ‘ஆபரேஷன் அம்ரித்’ என்ற பெயரில் 2024-ல் மருந்துக் கடைகளில் சோதனையைத் தொடங்கியது. அங்கே ஆன்டிபயாடிக்கை மட்டும் நீல நிற உறையில் போட்டுத் தருகிறார்கள், வாங்குபவருக்குத் தன் கையில் இருப்பது என்ன மருந்து என்று தெரிய வேண்டும் என்பதற்காக.

நீல உறை இல்லாத ஊரிலும் ஓர் அடையாளம் இருக்கிறது. மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு போட்டிருந்தால், அது டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே வாங்க வேண்டிய மருந்து. 2016-ல் மத்திய அரசு இதை ஒரு பிரசாரமாகவே மக்களிடம் கொண்டுபோனது. கடைக்காரர் கத்தரியால் நாலு மாத்திரையை மட்டும் வெட்டித் தரும்போது, அந்தக் கோடு இருக்கும் பக்கம் கடையிலேயே தங்கிவிடும். அப்படியென்றால் வெட்டிய மாத்திரையைக் கையில் வாங்குமுன், முழு அட்டையையும் ஒருமுறை காட்டச் சொல்லிக் கேட்கலாம்.